பெரியகுளத்துப் பக்கம் மின்னுது

கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சுந்தராம்பாள் உட்கார்ந்த இடத்திலிருந்து வானம் தெரியாது. அவள் இணைப்புப் போடும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் இருந்தது. அதைத் திறந்தால் பாசி பிடித்த கல்சுவரும், அதன் மேல் சாய்ந்து நிற்கும் யூகலிப்டஸ் மரமும் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் கீழே சமவெளியில் மின்னல் வெட்டினால் ஊரில் முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் பிற்பகலில் அவளுடைய ஹெட்போனுக்குள் சத்தம் தொடங்கிவிடும். முதலில் எண்ணெய்ச் சட்டியில் ஒன்றிரண்டு கடுகு வெடிப்பது போல. பிறகு கொஞ்சம் சும்மா இருக்கும். பிறகு நாலைந்து சேர்ந்து வெடிக்கும். மேகம் திரண்டுவிட்டால் யாரோ பழைய துணியைக் காதருகில் வைத்துக் கிழிப்பது போலக் கேட்கும். காட் ரோட்டை ஒட்டிக் காட்டுக்குள் இறங்கி, வத்தலக்குண்டு போய், அங்கிருந்து பெரியகுளத்துக்கும் மதுரைக்கும் பிரிகிற கம்பி அது. எங்கோ கீழே வெட்டிய மின்னலை ஏழாயிரம் அடி மேலே கொண்டுவந்து அவள் காதில் போட்டது.

"இடி நேரத்துல ஹெட்போனைக் கழட்டி வைங்கம்மா, காது போயிரும்" என்று சூப்பர்வைசர் மயில்சாமி ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அவள் கழற்றுவாள். மேசைமேல் வைக்கமாட்டாள். ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்பாள். எங்கே பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருக்கும். யாரிடம் கேட்பது?

அவள் பாலசமுத்திரத்துக்காரி. அப்பா போனபின் தங்கைகள் இரண்டு பேரையும் கரையேற்றியதில் அவளுடைய கல்யாண வயது எப்போது கடந்தது என்று வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. மதுரையில் பயிற்சி முடித்து மலைக்கு மாற்றலாகி வந்தபோது முப்பத்தொன்று. பஜாருக்கு மேலே ஓர் அறை, ஒரு ஸ்டவ், இரண்டு கம்பளி. நாள் முழுக்க ஊரே அவளிடம் பேசியது. பேசிய அத்தனை பேரும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அவளைக் கடந்து அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

1960ஆம் வருஷம் பங்குனியில் ஒரு நாள், காதில் கடுகு வெடிக்கத் தொடங்கிய நேரம், பலகையில் சம்சுல் ஆலம் கடை கூப்பிடுவதைக் காட்டும் சின்னத் தகடு விழுந்தது. பஜாரில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்கிற கடை. வழக்கமாக அவர்தான் மதுரைக்குப் பேசுவார். "வெரசா போடுங்கம்மா" என்பார். அவளும் பிளக்கைச் செருகிக்கொண்டே, "நம்பர் ப்ளீஸ்" என்றாள்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல்.

"நம்பரெல்லாம் இல்லீங்க. அவுக தொழுகைக்குப் போயிருக்காக. நான் அவுக வீட்டுல பேசுறேன். ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"பெரியகுளத்துல மழை பேயுதான்னு கேட்டுச் சொல்ல முடியுங்களா? மாடிச் சன்னல்ல நின்னு பாக்குறேன். அந்தப் பக்கம் கருகும்முன்னு கெடக்கு. மின்னுது. ஆனா கீழ திரை மாதிரி தொங்குறது பெரியகுளத்துலயா, தேவதானப்பட்டியிலயான்னு பிடிபடல. நான் பொறந்த ஊருங்க, எங்க அத்தா வீடு பெரியகுளம்."

சுந்தராம்பாள் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஒண்ணு வெட்டுச்சா?"

"ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கேக்குது."

"இங்க ஒண்ணும் கேக்கலியே. இடிச் சத்தமே இல்ல. சும்மா மின்னிக்கிட்டுக் கெடக்கு."

"என் காதுல கேக்குதும்மா. இந்தா, மறுபடி."

"ஆமா. இந்தா, மறுபடி" என்றது அந்தக் குரல், சிரித்துக்கொண்டு.

சுந்தராம்பாள் பெரியகுளம் ஆபரேட்டர் வேலப்பனைக் கூப்பிட்டு, "என்னங்க, அங்க மழையா?" என்று கேட்டாள். "சும்மா கொட்டு கொட்டுன்னு கொட்டுது. ஏன், மேல எதுவும் சோலியா?" என்றார் அவர். அவள் தகவலைச் சொன்னதும் கடை முனையில் அந்தப் பெண், பரீட்சையில் பாஸான பிள்ளை போல, "நான் சொன்னேன்ல!" என்றாள். பேரைக் கேட்டாள் சுந்தராம்பாள். ஆமினா.

அப்படித் தொடங்கியது. சமவெளியில் மழை இறங்கும் நாட்களில், சம்சுல் ஆலம் பிற்பகல் அசர் தொழுகைக்குப் போனதும் கடைத் தகடு விழும். ஆமினாவுக்கு இருபத்தாறு வயது. கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. சீசன் நேரத்தில்தான் கீழே மழை மேகம் கட்டும். சீசன் நேரத்தில்தான் புருஷனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கடைக்கு மேலே இருந்த வீட்டின் பின்சன்னல், நேராக மலையின் விளிம்பைத் தாண்டிச் சமவெளியைப் பார்த்திருந்தது. அவளுக்கு அங்கே அதுதான் துணை.

அவள் மேகங்களுக்குத் தானே பேர் வைத்திருந்தாள். மத்தியானத்தில் வருசநாட்டு மலைமேல் முளைப்பது 'பணியாரம்'. அது உப்பி, மேலே போய்த் தலை தட்டையாகிவிட்டால் 'பட்டறைக்கல்'. அது வந்தால் மழை நிச்சயம். மழைத்திரைக்கு முன்னால் மண் கிளம்பி ஓடினால், காற்று மழையைத் தின்றுவிடும் என்பாள். புதிதாகக் கட்டிய வைகை அணையின் தண்ணீர் அவளுக்கு அடையாளம். அது பளபளவென்று தெரிந்தால் ஆண்டிபட்டி வெயிலில் கிடக்கிறது. மங்கினால் மழை அங்கே வந்துவிட்டது.

"அக்கா, பட்டறைக்கல் நிலக்கோட்டைப் பக்கம் நகருது. உங்க காதுல எப்படி?"

"குறையுது. வத்தலக்குண்டுக் கம்பியில சத்தமே இல்ல. மதுரைக் கம்பியில இருக்கு."

"அப்ப சரிதான். பெரியகுளத்துக்கு இன்னிக்கு இல்ல. மாங்காய்க்குத் தண்ணி வேணும், காத்துதான் ஆகாது. எங்க அண்ணன் சேக் பரீது குத்தகைக்குப் பிடிச்சிருக்கு. நல்ல மழை, காத்தில்லாம வரணும்னு நான் தினம் துஆ கேக்குறேன்."

ஒருத்தி கண், ஒருத்தி காது. இரண்டும் சேர்ந்தால் ஒரு மழை முழுசாகக் கிடைத்தது. இந்தப் பேச்சு அதிக நேரம் நீடிக்காது. வேறு தகடுகள் விழும். சம்சுல் ஆலம் திரும்பிவிடுவார். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகச் சுந்தராம்பாள் பிற்பகல் டியூட்டியை மற்றவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். மலையில் எல்லோரும் மேகம் வேண்டாம் என்று பார்த்தபோது அவள் மேகத்துக்காகக் காத்திருந்தாள்.

அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தக் குரலைக் கேட்டாள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் பிளம்ஸ்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சுந்தராம்பாள் பின்னால் போய் நின்று, மெல்ல, "நம்பர் ப்ளீஸ்" என்றாள். திரும்பிய முகம் அவள் நினைத்திருந்த முகமாக இல்லை. ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, நினைத்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.  பிறகு அவரவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

"இன்னிக்கு மேகம் இல்ல" என்றாள் ஆமினா.

"ஆமா, காதுலயும் ஒண்ணுமில்ல."

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்கக்கா. சன்னல்ல நின்னு பாக்கலாம்."

சித்திரையில் ஒரு விடுப்பு நாளில் சுந்தராம்பாள் போனாள். ஆமினா ரவை உருண்டை செய்து வைத்திருந்தாள். சன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலி. அன்றைக்கு வானமும் ஏமாற்றவில்லை. பெரிய மழையொன்று பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே நின்று பெய்தது. மேகத்தின் தலை அவர்கள் நின்ற மலையைவிட உயரத்தில் வெயிலில் வெள்ளையாக இருந்தது; அடி அவர்களுக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடந்தது. அதற்குள் மின்னல் ஓடியது. ஒவ்வொன்றாக, கிளை கிளையாக. சத்தமே இல்லை. பஜாரில் யாரோ குதிரைக்காரனைக் கூப்பிடுவதும், கீழே கடையில் சம்சுல் ஆலம் விலை சொல்வதும் கேட்டன.

நாலு வருஷமாக அவள் காதால் மட்டும் அறிந்திருந்தது இதுதானா? சுந்தராம்பாள் முக்காலியைச் சன்னலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு பெரிய சங்கதி, பக்கத்தில் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் அதன் ஒரு துளி இங்கே விழாது. அதன் ஈரவாடைகூட வராது.

"அழகா இருக்குல்ல?" என்றாள் ஆமினா.

"பயமாவும் இருக்கு."

"எனக்குப் பயமில்லக்கா. அதுக்குக் கீழதான் எங்க வீடு. எங்கம்மா இப்ப கொடியில கெடக்குற துணிய எடுக்க ஓடும். அண்ணன் தோப்புக்குப் போயிருக்கும். அதையெல்லாம் நான் பாத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சுக்குவேன்."

இருட்டும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். சுந்தராம்பாள் அறைக்குத் திரும்பி ஸ்டவ்வைப் பற்றவைத்தபோது, இந்த ஊருக்கு வந்த பிறகு ஒருவர் பக்கத்தில் இப்படி வேலையின்றி உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

அதற்கடுத்த வருஷம் சித்திரைக் கடைசி. தோப்புகளில் காய் முற்றி, பறிப்புக்கு ஆள் பேசியாகிவிட்டது என்று ஆமினா சொல்லியிருந்தாள். அன்றைக்குக் காலையிலேயே மலையில்கூடப் புழுங்கியது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஹெட்போனில் துணி கிழிய ஆரம்பித்தது. முதல் கடுகெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில் கிழிசல்தான். சம்சுல் ஆலம் அசர் தொழுகைக்குப் போன நேரம் கடைத் தகடு விழுந்தது.

"அக்கா! இந்த மாதிரி நான் பாத்ததே இல்லக்கா. ஒரு பட்டறைக்கல் இல்ல, மூணு. மூணும் ஒண்ணாச் சேருது. அணை மறைஞ்சுபோச்சு. ஆண்டிபட்டி மலையே காணோம்!"

"எல்லாக் கம்பியிலயும் கேக்குது ஆமினா. மதுரையும் போச்சு, வத்தலக்குண்டும் போச்சு. ஒண்ணுமே பேச முடியல."

"நிறத்தைப் பாக்கணுமே நீங்க! பச்சையா இருக்கு, மேகம் பச்சையா இருக்குக்கா!"

சுந்தராம்பாள் சிரித்தாள். மயில்சாமி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சிரித்தாள். "பொய் சொல்லாத!"

"அல்லா மேல சத்தியமா. இந்தா, வெட்டுச்சு பாருங்க!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு!"

இரண்டு பேரும் திருவிழாவில் வாணவேடிக்கை பார்க்கும் பெண்கள் போல மாறிமாறிக் கூவினார்கள். சீசன் கூட்டம், விழுந்து கிடந்த மற்றத் தகடுகள், எதுவும் சுந்தராம்பாளுக்கு நினைவில்லை. பிறகு பெரியகுளம் கம்பியில் ஓர் அடி விழுந்தது. ஹெட்போனை அவள் தூக்கியெறிந்தே விட்டாள். அதற்கப்புறம் அந்தக் கம்பியில் ஒரு சத்தமும் இல்லை.

கம்பி சரியானது மறுநாள் காலையில். வேலப்பனின் குரல் வந்தது. எப்போதும் போல இல்லை.

"அம்மா, சம்சுல் ஆலம் கடைக்கு ஒரு கால். அவசரம்."

"என்னங்க?"

"அவுக மச்சினன் சேக் பரீதுன்னு ஒருத்தர், தோப்புக் குத்தகைக்காரரு. நேத்துக் காத்துல காவக் குடிசையில ஒதுங்கியிருக்காரு. மரம் சாஞ்சு விழுந்திருச்சு. ஆள் இல்லம்மா. மையத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. சொந்தக்காரங்க லைன்ல நிக்கிறாங்க."

சுந்தராம்பாள் கடைக்கு மணியடித்தாள். இந்த நேரத்தில் சம்சுல் ஆலம்தான் எடுப்பார், அவர்தான் எடுக்க வேண்டும் என்று கும்பிடாத குறையாக இருந்தாள். எடுத்தது ஆமினா.

"அக்காவா? நானே கூப்பிடணும்னு இருந்தேன். எம்புட்டு மழைன்னு கேட்டீங்களா?"

"வீட்டுக்காரரைக் கூப்பிடும்மா."

"குளிக்கிறாக. என்னக்கா, ஒரு மாதிரி பேசுறீங்க?"

"பெரியகுளத்துல இருந்து கால். அவரைக் கூப்பிடு ஆமினா, வெரசா."

"பெரியகுளம்னா எங்க வீட்டு ஆளுதானே. போடுங்க, நானே பேசுறேன்."

இணைப்பைக் கொடுக்கும் பிளக் சுந்தராம்பாள் கையில் இருந்தது. செருகினால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொல்வார். அவளால் செருகவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.  ஆமினா மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அண்ணனா?"

"ஆமாம்மா."

ரிசீவர் எதன்மேலோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. சம்சுல் ஆலம் ஈரத்தோடு ஓடிவந்து, "யாரு, யாரு பேசுறது?" என்றார். சுந்தராம்பாள் பிளக்கைச் செருகி இணைப்பைக் கொடுத்துவிட்டு, பலகையில் தான் கேட்கும் சாவியை மேலே தள்ளினாள். அந்தப் பேச்சை அவள் கேட்கவில்லை.

அவர்கள் முதல் பஸ்ஸில் இறங்கிப் போனார்கள். சீசன் நடுவில் கடை பூட்டிக் கிடந்தது. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்துதான் ஆமினா மலைக்கு வந்தாள். அதற்குள் தென்மேற்குக் காற்று எழுந்து ஊர் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. கடைத் தகடு விழும்போதெல்லாம் சுந்தராம்பாள் அவசரமாகப் பிளக்கைச் செருகுவாள். "மதுரை போடுங்கம்மா" என்பார் சம்சுல் ஆலம். போடுவாள்.

ஒரு மாதம் பார்த்துவிட்டு அவளே போனாள். ஆமினா டீ கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர், சின்னவளுக்குப் பால் மறக்கவில்லை, மதினி படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள் என்று சொன்னாள். எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். பின்சன்னல் இருந்த இடத்தில் ஒரு மர அலமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். சுந்தராம்பாள் அதைப் பார்த்ததை ஆமினா பார்த்தாள்.

"குளிர் வருதுன்னு வச்சோம்" என்றாள்.

"நல்லதுதான்."

"குளிரில்லக்கா." ஆமினா டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மரம் விழுந்தது அசர் பாங்கு சொல்ற நேரம்னு சொன்னாக. அந்நேரம் நாம ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்."

"நமக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுதான். உங்களை ஒண்ணும் சொல்லல. பச்சையா இருக்கு பச்சையா இருக்குன்னு நான்தான் குதிச்சேன். எங்கண்ணன் அதுக்கு அடியில கெடந்திருக்கு. இனிமே என்னால அதைப் பாக்க முடியாதுக்கா. நீங்க பேசுனாலும் எனக்கு அதுதான் கேக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சுந்தராம்பாள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். ஆமினா அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். டீ ஆறிப்போயிருந்தது. சுந்தராம்பாள் அதைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

ஐப்பசியில் ஆமினா பெரியகுளத்துக்கே போய்விட்டாள். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஆள் வேண்டியிருந்தது. சம்சுல் ஆலம் சீசனுக்கு மட்டும் மேலே வந்து கடை திறந்தார். போகிற அன்று ஆமினா எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்று ஒரு சாம்பல்நிற ஸ்வெட்டரைக் கொடுத்தாள். "கடைச் சரக்கு இல்ல, நானே பின்னுனது" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்து போனாள்.

அடுத்த பங்குனியில் காதில் முதல் கடுகு வெடித்தபோது சுந்தராம்பாள் தன்னையறியாமல் கடைத் தகட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை. மயில்சாமி ஹெட்போனைக் கழற்றச் சொன்னார். அன்றைக்கு மேசைமேல் வைத்துவிட்டாள். அது பாட்டுக்குப் படபடவென்று தனக்குள் வெடித்துக்கொண்டு கிடந்தது.

ஆனால் விட முடியவில்லை. சித்திரையில் காலை டியூட்டிக்கு மாற்றிக்கொண்டு, சாயங்காலங்களில் மலையின் விளிம்பை ஒட்டிய நடைபாதைக்குப் போகத் தொடங்கினாள். சீசன்காரர்கள் வேர்க்கடலை தின்றபடி வருவார்கள், கீழே பார்ப்பார்கள், குளிர்கிறது என்று போய்விடுவார்கள். ஒரு நாள் கோட்டுப் போட்ட ஒருவர், "அங்கே என்ன, ஏதாவது வெடி வைக்கிறார்களா?" என்று கேட்டார்.

"மழைங்க. பெரியகுளத்துப் பக்கம் மின்னுது."

"சத்தமே வரலியே."

"இவ்வளவு தூரம் வராதுங்க."

அவர் தலையாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். சுந்தராம்பாள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றோடு வந்த மழை. அது தேவதானப்பட்டியைக் கடந்து தோப்புகளின் மேல் இறங்குவதைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று நினைத்ததும், குடிசைமேல் சாய்ந்து விழுந்த மரமும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே பார்த்தாள்.

பொழுது இறங்கிய கொஞ்ச நேரத்தில் கீழே பெரியகுளத்து விளக்குகள் ஒரே அடியாக அணைந்தன. கரண்ட் போய்விட்டது. வத்தலக்குண்டு எரிந்தது, ஆண்டிபட்டி எரிந்தது. நடுவே அந்த ஒரு ஊர் மட்டும் இருட்டில் கிடந்தது. அங்கே ஒரு வீட்டில் ஆமினா இப்போது கதவுகளைச் சாத்தியிருப்பாள்; இடிக்குப் பயந்த பிள்ளைகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். அண்ணன் மகள் கேட்டால் இது என்ன மேகம் என்று பேர் சொல்வாளோ, மாட்டாளோ.

நடைபாதையில் ஒருவரும் இல்லை. மூடுபனி மெல்ல ஏறி வரத் தொடங்கியது. சாம்பல்நிற ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டாள். அறைக்குப் போய்ச் சோறு வடிக்க வேண்டும். மின்னல் தேய்ந்து, கிழக்கே நிலக்கோட்டையைத் தாண்டிப் போய்விட்ட பிறகும் நின்றாள். கடைசியில் கீழே விளக்குகள் வந்தன. முதலில் ஒரு தெரு, பிறகு ஒரு மூலை, பிறகு ஊர் முழுக்க.

"வந்திருச்சு" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் யாருமில்லை என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பஜாரை நோக்கி நடந்தாள்.